பழைய சாமானில் சிற்பம்: நாம் செய்யக்கூடாத தவறுகள்

பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறை பக்கம், தூக்கிப்போட்ட பொருள்களில் சிற்பம் செய்கிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். மயில் செய்யலாம் என்று முதலிலேயே படம் வரைந்துவிட்டு, அதற்குத் தோதான பல்சக்கரங்களைத் தேடிக் கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். அந்த மயிலை எந்த ஊரில் வைத்தாலும் ஒன்றுதான். நம் தெருவில் என்ன கிடக்கிறது? வற்றிய போர்வெல்லிலிருந்து உருவிய ஜி.ஐ. பைப், கருகிய மோட்டாரின் கம்பிச் சுருள், வெயிலில் வெடித்த சொட்டுநீர்க் குழாய். தண்ணீருக்கு இந்த ஊர் பட்ட பாடு அத்தனையும் அதில் இருக்கிறது.

தன் தெருவில் கிடந்ததையே சிற்பமாக்கியவர் அமெரிக்கச் சிற்பி நோவா பியூரிஃபாய். லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலை மையம் நடத்திவந்தவர். 1965 கலவரத்தில் அந்தப் பகுதி எரிந்தபோது, நண்பர்களோடு இடிபாடுகளிலிருந்து மூன்று டன் அளவுக்குப் பொறுக்கிச் சேர்த்தார். கரிந்த மரம், உருகிக் கட்டியான நியான் போர்டு எல்லாம் 1966இல் கண்காட்சியாக வந்தன. அதைப் பார்த்து மனிதர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்பதே அவர் எதிர்பார்த்தது.

துருவைச் சுரண்டிப் பளபளவென்று பெயின்ட் அடிப்பதும் வேண்டாம். உதிரும் துருவை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் போதும்.

அப்புறம், கைக்கு வந்த பொருளில் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் வேலையை ஆரம்பிப்பது. பக்கத்துப் பிளாச்சிமடையில் 2002இல் மயிலம்மாவும் ஊர்ப் பெண்களும் குளிர்பான ஆலைக்கு எதிராகப் போராட உட்கார்ந்தார்கள். அந்த ஆலை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவை 2003இல் சோதித்தால் காட்மியமும் ஈயமும் இருந்தன. நாமும் அப்படி ஏமாறக் கூடாது. பழைய டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் உண்டு, உடைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்காதீர்கள். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் வைத்தால், அந்தப் புகைக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். ஆஸ்பத்திரிக் கழிவு பக்கமே போகாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்து நெல்லை நடுக்கல்லூரில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு லாரிகளில் திருப்பி எடுத்துப் போனார்கள். அதற்கு மனு கொடுக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். சிற்பத்துக்கு அது ஆகாது.

மழையை மறப்பது இன்னொன்று. பைப்புகளைத் தென்னை மாதிரி நிறுத்தி, உச்சியில் மோட்டார் மூடிகளைக் குரும்பைபோலத் தொங்கவிட்டிருந்தோம். ஆடி மழையில் மூடிகள் நிறைந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. வீடு வீடாக பிளாஸ்டிக் கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனை அக்கா ஒருவர்தான் தாழத் தொங்கிய மூடியைச் சாய்த்துக் காட்டினார். "தம்பி, புழு நெளியுது பாருங்க. ஊருக்கு டெங்கு வந்தா யாரு பதில் சொல்றது?" அன்றைக்கே ஒவ்வொரு மூடியின் அடியிலும் ட்ரில்லரால் ஓட்டை போட்டோம். இப்போதெல்லாம் மழை விட்ட மறுநாள் அவர்தான் முதலில் வந்து குனிந்து பார்க்கிறார்.