ட்ரோஜன் புகுந்த கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள்

ஆன்டிவைரஸ் "ட்ரோஜன்" (நல்ல மென்பொருள் வேடத்தில் உள்ளே வரும் கெட்ட நிரல்) என்று காட்டியதும் பதறிப்போய் அதே கணினியில் ஜிமெயிலைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றுகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் தட்டும் புது பாஸ்வேர்டும் திருடனுக்கே போய்ச் சேரலாம். முதல் வேலை, அந்தக் கணினியில் வைஃபையை அணைப்பது, லேன் ஒயர் இருந்தால் பிடுங்குவது.

அடுத்து, பாஸ்வேர்டுகளைக் கையில் இருக்கும் மொபைலில் மாற்றுங்கள். கிராக் செய்த போட்டோஷாப், விண்டோஸ் ஆக்டிவேட்டர், கேம் சீட் இவற்றோடு வருபவற்றில் பல இப்போது ரெட்லைன், லும்மா மாதிரியான திருட்டு ரகங்கள்தான். இவை கணினியைக் கெடுப்பதே இல்லை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்) சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். குக்கீ போய்விட்டால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும், அதனால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லா டிவைஸ்களில் இருந்தும் சைன் அவுட் செய்ய வேண்டும். மெயிலில் தொடங்குங்கள், மற்ற எல்லா கணக்குகளின் ரீசெட் லிங்கும் அங்கேதான் வரும். ரெக்கவரி போன் எண் உங்களுடையதுதானா, உங்கள் மெயிலை வேறு முகவரிக்கு அனுப்பும், நீங்கள் வைக்காத ஃபார்வேர்டிங் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் பேங்க், சமூக வலைத்தளங்கள்.

சரி, இப்போது கணினி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழும் முன்பே, கணினியை ரீஸ்டார்ட் செய்து தேடும் என்பதால் ஒளிந்திருப்பதும் மாட்டும். சுமார் 15 நிமிடம் ஆகும். அதற்கு முன், அதே பகுதியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலை அவசியம் திறந்து பாருங்கள். "இந்த ஃபோல்டரைத் தேடாதே" என்று ட்ரோஜனே அங்கே எழுதி வைத்திருக்கலாம், அதை நீக்காமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் சுத்தம் என்றுதான் வரும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை வேறு கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வந்து ஓட்டுங்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகும், பழையது உதவாது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப், பிறகு டாஸ்க் ஷெட்யூலர் (தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்), பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள், இவற்றில் தெரியாத பெயர் இருந்தால் விசாரிக்காமல் விடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் சொல்வது ஒன்றுதான்: திருட்டு ரகம் என்று தெரிந்தாலோ, அந்தக் கணினியில் நெட்பேங்கிங் செய்கிறவராக இருந்தாலோ, டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அரை நாள் போகும், போகட்டும். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் எடுத்து வையுங்கள், செட்அப் ஃபைல்களும் ஜிப்களும் வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவில், நல்ல கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து இன்ஸ்டாலர் தயாரிக்கலாம்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் ஸ்கேனெல்லாம் பிறகு. இந்தியாவில் இருப்பவர்கள் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள், பேங்கிடம் சொல்லி கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.