பழைய மஸ்டாங்கா? முதல் செலவு பிரேக்குக்கு

1965, 66 ஃபோர்டு மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஒரே அறைதான். எங்காவது ஒரு லைன் (எண்ணெய்க் குழாய்) வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பெயின்ட், குரோமெல்லாம் பிறகு.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால், அதற்கான 1967 மாடல் இரட்டை அறை சிலிண்டரை வாங்குங்கள்; அதில் முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை. டிஸ்க் பிரேக்குக்கானது வேண்டாம், டிரம் லைனில் சிறு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு முன்பக்கத்துக்கு அதில் இராது. பித்தளை இணைப்புக் கட்டையிலிருந்து பின்சக்கர லைனைக் கழற்றி, புது சிலிண்டருக்குத் தனியாக இழுத்து, காலியான துளையை அடைத்துவிடுங்கள். மாட்டும் முன்பே சிலிண்டரை வைஸில் பிடித்து, குமிழி நிற்கும்வரை காற்றெடுங்கள். இதை விட்டால் பெடல் மெத்தென்று அமுங்கும்.

ரப்பர் ஹோஸ் மூன்றையும் (முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று) மாற்றுங்கள். பழையது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். அப்போது பெடலை விட்டபிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும்.