போன் வாங்கும் முன் இந்தத் தேதியைப் பாருங்கள்

ஐபோனா, ஆண்ட்ராய்டா, எது அதிக நாள் உழைக்கும்? அப்டேட் எத்தனை வருடம் வரும் என்பதை முதலில் பாருங்கள். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021-இல்கூட அந்த வருடத்துப் புது ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 15 கிடைத்தது. ஆண்ட்ராய்டில் அப்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்தோடு சரி. இப்போது கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் 7 வருடம். ஆனால் அந்தக் கணக்கு மாடல் அறிமுகமானதிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல!

செகண்ட் ஹேண்ட் ஆண்ட்ராய்டு என்றால் கடையில் நிற்கும்போதே செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைத் தேடுங்கள். நெட்டில் இணைத்து அப்டேட் கொடுத்தும் ஒரு வருடம் பழைய தேதியே நின்றால், அதில் பேங்க் ஆப் வைக்க நான் துணியமாட்டேன். ஐபோனில் பேட்டரி ஹெல்த் (புதிதாக இருந்தபோது தாங்கிய சார்ஜில் இப்போது எவ்வளவு தாங்கும் என்ற அளவு) 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.