பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுப் பெரியவரைச் சேர்க்கும்போது

பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே ஒருவரின் பெயர் போய்விடுகிறது. "ரூம் 412 சுகர் கேஸ்" என்றுதான் பேச்சு. அங்கே வேலை செய்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நர்சும் டியூட்டி டாக்டரும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிறார்கள். இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று வரும் நிபுணர்கள் அவரவர் உறுப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முழு ஆளையும் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. அந்த இடத்தில் குடும்பம்தான் நிற்க வேண்டும்.

கையில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். என்னென்ன நோய், எத்தனை வருடமாக, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு நடந்த ஆபரேஷன் எது என்று எழுதுங்கள். மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வரும். பெயரை மட்டும் சொன்னால் இரட்டை டோஸ் ஆகிவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியதற்குக் காரணமே அந்த வலி மாத்திரையாக இருக்கலாம்.

தாளின் அடிப்பாதியில் ஆளைப் பற்றி எழுதுங்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் நிலக்கரி இறக்கினாரா, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஈரத்தில் நின்றே வேலை பார்த்தாரா? முதல் விவரம் நுரையீரல் டாக்டருக்கு வேண்டும். இரண்டாவது, சர்க்கரை நோயாளியின் காலைப் பார்ப்பவருக்கு வேண்டும்.

கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் ஐசியூவுக்குள் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தொலைந்துவிடும் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பெயர் எழுதிய டப்பாவில் போட்டுக் கொடுங்கள். கண் தெரியாமல், காது கேட்காமல், பகலா இரவா என்று புரியாமல் கிடக்கும் முதியவருக்கு இரண்டாம் நாளிலேயே புத்தி தடுமாறலாம். இதை டெலிரியம் என்பார்கள். ட்யூபைப் பிடுங்குவார், கையைக் கட்டுவார்கள், தூக்க ஊசி போடுவார்கள், தடுமாற்றம் இன்னும் கூடும். பார்வை நேரத்தில் அழாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். இது சிகிச்சையேதான்.

டாக்டரிடம் பேச ஒருவரை மட்டும் வையுங்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று 1984-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதனால் பெரிய கவலையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: இந்த டெஸ்டின் ரிசல்ட் வந்தால் வைத்தியம் மாறுமா? இன்றைக்கே செய்யாவிட்டால் என்ன ஆகும்? அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நிரப்பாத ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் ஆபரேஷனுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டுமே விலக்கு.

பில்லைத் தினமும் கேளுங்கள். பிரிக்காத ஊசி, கையுறைகளை பார்மசியில் திருப்பிக் கழித்தார்களா என்று பாருங்கள். கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி அது.

பணத்தைப் பற்றி முதல் நாளே பேசுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. அந்த வைத்தியத்துக்கு இந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு, வென்டிலேட்டரோடு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்ற நினைப்பதுதான் மிகவும் ஆபத்தான வழி. வழியிலேயே நிலைமை மோசமாகலாம், அங்கே கட்டில் காலியில்லாமலும் போகலாம். மாற்றுவதென்றால் உடல் தாங்கும்போதே மாற்றுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பழைய மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு என்றால் அதையும் சொல்லுங்கள். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவரைப் படியேற்றிப் பழக்காமல் பிசியோதெரபிஸ்ட் அனுப்பக் கூடாது.