படலம் உலரும்போது செய்யக்கூடாத தவறுகள்

கரிம சூரிய மின்கலத்தில் மின்னோட்டம் குறைந்தால் பலரும் முதலில் பாலிமரைச் சந்தேகிக்கிறார்கள். ஒளியை உறிஞ்சும் படலம் எப்படி உலர்ந்தது என்பதை முதலில் பாருங்கள். கரைப்பான் ஆவியாகும்போதுதான் டோனரும் (எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள்) அக்செப்டரும் (எலக்ட்ரானை ஏற்கும் பொருள்) பிரிந்து தங்கள் இடத்தைப் பிடிக்கின்றன. ஒளி பட்டு உருவாகும் எலக்ட்ரான்–துளை இணையான எக்ஸைட்டான் நகரும் தூரம் சுமார் 10 நானோமீட்டர். ஒரே பொருளின் திட்டுகள் அதைவிட மிகப் பெருத்தால் மின்னூட்டம் பிரியும் முன்பே எக்ஸைட்டான் அழிந்துவிடும். இரண்டும் பிரியாமல் கலந்தபடியே உறைந்தால், பிரிந்த மின்னூட்டம் வெளியேறப் பாதை இருக்காது.

பொருள் நன்றாகக் கரைகிறது என்பதற்காக மட்டும் கரைப்பானை மாற்றாதீர்கள். குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கும், குளோரோபென்சீன் 132இல், ஆர்த்தோ டைகுளோரோபென்சீன் 180இல். தட்டைச் சுழற்றிப் பூசும் ஸ்பின் கோட்டிங்கில், குளோரோஃபார்ம் படலம் சுழலும்போதே உலர்ந்துவிடும். டைகுளோரோபென்சீனில் செய்த பி3எச்டி (டோனர் பாலிமர்)–பிசிபிஎம் (அக்செப்டர்) படலமோ, நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் சுழற்றிய பிறகும் ஈரமாகவே இருக்கும். அதை உடனே ஹாட் பிளேட்டில் வைப்பது பெரிய தவறு. மூடிய பெட்ரி தட்டில் 20 நிமிடம் விடுங்கள். பாலிமர் சங்கிலிகள் அடுக்காக அமைய, ஆரஞ்சு நிறம் அடர் சிவப்பாக மாறுவது கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு 110 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கலாம். ஆனால் இந்த நிதானம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. ஒய்6 போன்ற அக்செப்டர்கள் மெதுவாக உலர்ந்தால் அளவுக்கு மீறித் திரண்டுவிடும்.

மும்பையில் வேலை செய்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். அறை 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 24 டிகிரி. குளோரோஃபார்ம் ஆவியாகும்போது படலத்தின் மேற்பரப்பு குளிர்வதால், அந்த 4 டிகிரி இறங்குவது மிக எளிது. உடனே நுண்துளிகள் படியும். உலர்ந்த பின் அவை இருந்த இடமெல்லாம் குழியாகும். படலம் பளபளப்பின்றி வெண்மையாய் மங்கியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஈரம் புகாத மூடிய பெட்டியான கிளவ் பாக்ஸுக்குள் பூசுவதே நல்லது.

படலத்துக்குக் கீழே இருக்கும், துளைகளைக் கடத்தும் பெடாட்–பிஎஸ்எஸ் அடுக்கும் ஈரத்தை உறிஞ்சும். 140 டிகிரியில் 10 நிமிடம் உலர்த்தி, ஆறவிடாமல் கிளவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள்.

திட்டுகளின் அளவைச் சீராக்கக் கரைசலில் டைஅயடோஆக்டேன் என்ற திரவத்தைச் சிறிதளவு சேர்ப்பவர்கள் அது தானாகவே போய்விடும் என்று நம்பிவிடுகிறார்கள். அதன் கொதிநிலை 300 டிகிரிக்கும் மேல். படலத்தில் தங்கிவிட்டால், ஒளியும் ஆக்சிஜனும் படும்போது சிதைவை வேகப்படுத்தும். நல்ல வெற்றிடத்தில் பல மணி நேரம் வையுங்கள், அல்லது மெத்தனால் ஊற்றிச் சுழற்றிக் கழுவுங்கள்.

ஸ்பின் கோட்டிங்கில் தேறிய செய்முறையைப் கத்தி போன்ற விளிம்பால் கரைசலைப் பரப்பிப் பூசும் பிளேடு கோட்டிங்குக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே சுழற்சி கரைசலை வீசி எறிவதில்லை. பூசியது முழுவதும் அங்கேயே உலர வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைசலில் 100 நானோமீட்டர் படலம் வேண்டுமானால், ஈரப் படலம் சுமார் 6 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். அது சீராக உலர, அடித்தட்டின் வெப்பத்தையும் நைட்ரஜன் வீச்சையும் புதிதாக அளந்து நிர்ணயிக்க வேண்டும்.