காரைப் பிடித்து இழுத்தது யார்?

சிங்கப்பூரில், தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு ஜூரோங் திரும்பும்போது, பிஐஇ விரைவுச்சாலையில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, ஆனால் 80-ஐத் தாண்ட வண்டி முக்குகிறது. காலை எடுத்தால் பிரேக் போட்டது போல வேகம் விழுகிறது.

முதலில் ஏர் ஃபில்டரைத்தான் சந்தேகப்பட்டேன். மாற்றியும் பலனில்லை. வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்தேன், ஒரு பிழைக் குறியீடும் இல்லை. எஞ்சின் இழுக்கிறது, சக்கரம்தான் விடவில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

துப்பு கொடுத்தது மூக்கு. எங்கள் புளோக் கார்பார்க்கில் இறங்கியதும் கருகிய வாடை. புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கொண்டுபோனேன் (தொட்டுவிடாதீர்கள், தோல் போய்விடும்). முன் இடப்பக்கம் மட்டும் அடுப்பு மாதிரி அனல். ரிம்மில் கறுப்புத் தூள் வேறு.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். வலது சக்கரம் கையால் தள்ளியதும் சுற்றியது, இடது சக்கரம் அசையவே இல்லை. பிரேக் பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் நகரும் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. பெடலை விட்ட பிறகும் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பேட் தகடு வரை தேய்ந்துவிட்டது, அதன் ஜோடியில் பாதி மிச்சம்.

"எஞ்சினுக்கு ஒன்னும் இல்லண்ணே," என்று சிரித்தார் மெக்கானிக்.

பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது உறை போட்டு, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடுமாம். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் புது பேட். அப்புறம் வீட்டுக்கு வரும்போது காலை எடுத்தும் வண்டி தானே வழுக்கிக்கொண்டு ஓடியது.