எக்ஸ்48-க்கு அப்புறம் ஒரு புள்ளி: லேத் புரோகிராமை வேர்டு வேர்டா படிக்கிறது எப்படி

சிஎன்சி லேத்துக்கு (புரோகிராம்ல ஓடுற கடைசல் மெஷின்) புதுசா வர்ற பசங்க நிறைய பேரு ஸ்கிரீன்ல ஓடுற எழுத்தையும் நம்பரையும் அப்படியே மனப்பாடம் பண்ணப் பார்க்குறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, ஒரு லைனைப் பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்சா மீதி தானா வரும். நான் சொல்றது ஃபானுக் கம்பெனி கண்ட்ரோலுக்கு (புரோகிராமைப் படிச்சு மெஷினை ஓட்டுறது), ஜி கோடு சிஸ்டம் ஏ, மில்லிமீட்டர் செட்டிங்.

இதை நோட்ல எழுதிக்கோங்க:

என்30 ஜி01 எக்ஸ்48. இசட்-30. எஃப்0.2 ;

ஸ்டெப் 1: ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி ஒரு கோடு போட்டு வெட்டுங்க. அஞ்சு துண்டு வரும். ஒவ்வொண்ணும் ஒரு வேர்டு, அதுல எழுத்துதான் அட்ரஸ், பக்கத்துல இருக்குற நம்பர் அதோட மதிப்பு. முழு லைனுக்குப் பேரு பிளாக். கடைசில இருக்கற ; குறிதான் இஓபி (எண்ட் ஆஃப் பிளாக்), பிளாக் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

ஸ்டெப் 2: துண்டு துண்டா படிங்க. என்30 வெறும் லைன் நம்பர். ஜி01 நேர்கோட்டுல கட்டிங். எக்ஸ்48. னா விட்டம் 48 மில்லி, ரேடியஸ் இல்ல. இசட் நீளம், ஜாப் (கடையுற பீஸ்) முகத்துல ஜீரோ வச்சிருந்தா, அதைப் பிடிச்சிருக்கற சக் பக்கம் போகப் போக மைனஸ். எஃப்0.2 னா ஒரு சுத்துக்கு 0.2 மில்லி ஃபீட் (வெட்டும்போது டூல் நகர்ற அளவு), ஆனா அது ஜி99 ஓடும்போது மட்டும்தான், ஜி98 போட்டிருந்தா அதே 0.2 நிமிஷத்துக்கு ஆயிடும், டூல் நின்னுட்ட மாதிரியே தெரியும்.

ஸ்டெப் 3: புள்ளி. இதை மட்டும் நிதானமா படிங்க. எக்ஸ்48. வேற, எக்ஸ்48 வேற. புள்ளி விட்டுட்டா நிறைய மெஷின்ல அது 48 மைக்ரான், அதாவது 0.048 மில்லி. நான் கத்துக்கிட்ட புதுசுல ஜி00 (வெட்டாம வேகமா நகர்றது) எக்ஸ்48 இசட்2. ன்னு அடிச்சுட்டேன், டூல் நேரா சென்டருக்குப் போய் ஜாப் முன்னாடி நின்னுச்சு, அலாரம் எதுவும் வரல, அடுத்த பிளாக்ல இசட்-30. க்கு ஃபீட்ல உள்ள இறங்கி இன்சர்ட் (டூலோட வெட்டுற முனை) நொறுங்கிப் போச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. பாராமீட்டர் மாத்தி புள்ளி இல்லாமலே மில்லியா எடுத்துக்குற மெஷினும் உண்டு, அதை நம்பிப் பழகிட்டா பக்கத்து மெஷின்ல மாட்டிப்பீங்க, அதனால எக்ஸ், இசட், அப்புறம் இப்ப இருக்கற இடத்துலேருந்து எவ்ளோ நகரணும்னு சொல்ற யூ, டபிள்யூ எல்லாத்துக்கும் எப்பவும் புள்ளி வைங்க.

ஸ்டெப் 4: ஒரே எழுத்து, கூட இருக்கற ஜி கோடைப் பொறுத்து வேற அர்த்தம். ஜி97 எஸ்800 னா 800 ஆர்பிஎம், ஜி96 எஸ்180 னா கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 180 மீட்டர், ஜி50 எஸ்2000 னா ஜி96 ஓடும்போது ஸ்பிண்டில் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டக்கூடாதுன்னு பூட்டு. யூ-2. சும்மா வந்தா இப்ப இருக்கற விட்டத்துல 2 மில்லி கம்மி, ஆனா ஜி71 (மொத்தமா உரிச்சு எடுக்குற ரஃபிங் சைக்கிள்) முதல் லைன்ல யூ1.5 ங்கிறது ஒரு பக்கத்துக்கு எவ்ளோ ஆழம்ங்கிறது, விட்டத்துல 3 மில்லி போயிடும், ரெண்டாவது லைன்ல வர்ற யூ0.4 ஃபினிஷிங்குக்கு விட்டத்துல விடுற அலவன்ஸ். ஜி04 பி1000 ஒரு செகண்ட் நிக்கும், அந்த பி-க்கு மட்டும் புள்ளி வைக்கக்கூடாது.

டி0101-ல முதல் ரெண்டு நம்பர் டூல், அடுத்த ரெண்டு ஆஃப்செட், அதாவது அந்த டூலுக்குன்னு பதிஞ்சு வச்ச அளவுத் திருத்தம். டி0103 ன்னு தப்பா அடிச்சாலும் முதல் டூல்தான் திரும்பி வரும், ஆனா மூணாவது ஆஃப்செட்டை எடுத்துட்டுப் போயிடும்.

ஸ்டெப் 5: இன்னிக்கு ஷிஃப்ட்ல ஓடுற புரோகிராம்ல பத்து பிளாக் எடுத்து இதே மாதிரி வெட்டிப் பாருங்க. நீங்களே அடிச்சதை ஓட்டும்போது சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு பிளாக்கா ஓடி நிக்கும்) போட்டு, ஃபீட் ஹோல்ட் (டூல் நகர்றதை நிறுத்துற பட்டன்) மேல விரல் வச்சு, ஜாப்கிட்ட வந்ததும் பொசிஷன் ஸ்கிரீன்ல எக்ஸ் எவ்ளோன்னு பார்த்துட்டு அப்புறம் அடுத்த ஸ்டார்ட் அமுக்குங்க.